ஆழாக்கும் பாவ் கிலோவும்: விதைகளை அளப்பதும் நிறுப்பதும்

மாட்டுங்கா மளிகைக் கடையில் கால் கிலோ தனியாவும் கால் கிலோ வெந்தயமும் வாங்கினால் பொட்டலங்கள் இரண்டும் ஒரே அளவில் இருக்காது. தனியாப் பை உப்பிக்கொண்டு நிற்கும். வெந்தயம் அதில் பாதிக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடும். தராசு இரண்டுக்கும் 250 என்றுதான் காட்டியது. வீட்டில் ஆழாக்கை எடுத்து அளந்தால் வெந்தயம் இரண்டு ஆழாக்கு, அதாவது ஓர் உழக்கு வரும். தனியா நாலரை ஆழாக்கைத் தொடும்.

எடையை அளவாக மாற்ற ஒரு வாய்பாடு கிடைத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு கப் என்றால் எத்தனை கிராம் என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. எந்த விதை என்று தெரிய வேண்டும். யார் வீட்டுக் கப் என்றும் தெரிய வேண்டும். விதைக்கு ஓர் எண், பாத்திரத்துக்கு ஓர் எண். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் சாம்பார்ப் பொடி ஒரு முறை போல மறுமுறை அமைவதில்லை. அதே சமயம், தராசையே பார்க்காமல் தலைமுறை தலைமுறையாக இட்லி மெத்தென்று வந்துகொண்டிருக்கிறது. இந்த இரண்டும் எப்படி ஒரே சமையலறையில் நடக்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அதை ஆராய மும்பைத் தமிழர் வீடுகளைவிட வசதியான இடம் குறைவு. அங்கே கடை எடையில் பேசுகிறது. பாட்டியின் குறிப்பு படியில் பேசுகிறது. பேத்தி படிக்கும் குறிப்பு கப்பில் பேசுகிறது.

மூன்று பேட்டை, பல படி

தாராவிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நம்பி வந்தவர்களில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். அவர்கள் ஊரில் அரிசியைப் பக்காவால் அளப்பார்கள். நெல் கணக்கு மரக்காலிலும் கோட்டையிலும் நடக்கும். 21 மரக்கால் ஒரு கோட்டை. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் 12 மரக்கால் ஒரு கலம். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தொடங்கப்பட்ட காலத்தில் மாட்டுங்காவில் வேர்விட்டிருந்த குடும்பங்களில் தஞ்சாவூர்க்காரர்களும் உண்டு, பாலக்காட்டுக்காரர்களும் உண்டு. பாலக்காட்டுக் கணக்கில் நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. தமிழ்நாட்டில் நாழி என்றால் முழுப் படி. பாலக்காட்டிலோ அது இடங்கழியில் கால்பங்குதான். மாட்டுங்காவில் இடம் போதாமல் செம்பூருக்கும் சேடா நகருக்கும் குடிபெயர்ந்த வீடுகளில், ஒரே அடுக்குமாடியில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் 'ஒரு நாழி அரிசி' என்று சொன்னால் இருவேறு அளவுகளைச் சொல்லியிருப்பார்கள்.

அவர்கள் வந்து சேர்ந்த மண்ணிலும் முகத்தலளவை இருந்தது. மராத்தியர் கணக்கில் இரண்டு சிப்டே ஒரு மாப்டே, இரண்டு மாப்டே ஒரு சேர், இரண்டு சேர் ஓர் அதோலி, இரண்டு அதோலி ஒரு பாய்லி. நம்முடையதில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. பெயர்கள் வேறாக இருந்தாலும் எலும்புக்கூடு ஒன்று: ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பு. பத்துப் பத்தாக ஏறும் அளவையைவிட இது சமையலுக்கு உகந்தது. பந்தியில் ஆள் பாதியானால் ஒரு பாத்திரம் கீழே இறங்கினால் போதும், வகுத்தல் வேண்டாம்.

சிக்கல் பெயரில் இல்லை, கொள்ளளவில் இருந்தது. இன்று ஓர் ஆழாக்கு 168 மில்லி என்றும் ஒரு படி 1.344 லிட்டர் என்றும் நூல்களில் எழுதப்படுகிறது. சென்னைப் பட்டணத்துப் படியோ ஒன்றரை லிட்டரைத் தாண்டியது. ஊருக்கு ஊர் படி மாறும் என்பது பழைய ஆவணங்கள் எழுதியவர்களுக்கும் தெரியும். 1010-இல் நிறைவடைந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் நெல்லையும் அரிசியையும் குறிக்கும்போது வெறுமனே மரக்கால் என்று விடவில்லை; 'ஆடவல்லான்' என்னும் மரக்கால், அது 'இராசகேசரி' மரக்காலுக்குச் சமம் என்று பாத்திரத்தின் பெயரையே பொறித்துவைத்தார்கள். எந்தப் பாத்திரம் என்று சொல்லாத அளவு அளவே அல்ல என்ற தெளிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது.

எடைக்கும் இதே கதைதான். பம்பாய் மணங்கு 28 பவுண்டு. சென்னை மணங்கு 25 பவுண்டு. மசாலா சாமான்களைப் பலத்திலும் ரூபாய் எடையிலும் நிறுத்தார்கள். வெள்ளி ரூபாய் ஒன்றின் எடை ஒரு தோலா, இன்றைய கணக்கில் 11.66 கிராம், மூன்று தோலா ஒரு பலம், ஏறக்குறைய 35 கிராம். 80 தோலா கொண்ட சேர் 933 கிராம். அதில் கால்பங்கான பாவ் 233 கிராம். 1943-இல் பம்பாயில் உணவுப் பங்கீடு வந்தபோது அரிசி, படியை விட்டுத் தராசுக்குப் போனது. 1956-இல் எடை, அளவைத் தரச் சட்டம் நிறைவேறி, 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பாவ் என்ற சொல் மட்டும் தங்கிவிட்டது. இன்று மும்பைக் கடையில் 'பாவ் கிலோ' என்றால் 250 கிராம். பழைய பாவைவிட நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதல்.

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் வந்தது. அதாவது மெட்ரிக் சட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், படியும் ஆழாக்கும் புழங்கிய நாட்களில். அந்தக் காலக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி கிராமில் அச்சிட்ட பொட்டலத்தைப் பிரிக்கும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு மாற்றுக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உலகின் மற்ற பகுதிகள் இதை எப்படித் தீர்த்தன என்பதற்கு அமெரிக்கப் புஷல் நல்ல சான்று. அது பிறப்பில் 35.24 லிட்டர் கொள்ளும் கூடை. தானிய வணிகம் பெருகியபோது ஒவ்வொரு தானியத்துக்கும் ஒரு புஷலின் எடையைத் தனித்தனியே நிர்ணயித்தார்கள்: கோதுமைக்கு 60 பவுண்டு, மக்காச்சோளத்துக்கு 56, ஓட்ஸுக்கு 32. கூடையை யாரும் இப்போது தூக்குவதில்லை, எண்கள் நின்றுவிட்டன. பொதுவான ஒரே எண் இல்லை, தானியத்துக்கு ஓர் எண் என்பதை வணிகம் எப்போதோ ஏற்றுக்கொண்டது. சமையல் குறிப்புகள்தான் இன்னும் ஏற்கவில்லை.

எண்ணி அளந்த கணக்கு

விதைக்கு விதை எண் மாறும் என்பதைப் பழந்தமிழ்க் கணக்கு மரபு வேறொரு வழியில் பதிவு செய்திருக்கிறது. 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு என்று தொடங்கும் வாய்பாடு அது. ஒரு நாழிக்கு நெல் 14,400 என்று கணக்கு முடிகிறது. அதே நாழியில் அவரை 1,800, மிளகு 12,800, பயறு 14,800, அரிசி 38,000, எள் 1,15,200 அடங்கும் என்று ஒரு பட்டியலும் வழங்குகிறது. எடையே இல்லாமல், எண்ணிக்கையிலிருந்து நேரே கொள்ளளவுக்குப் போகும் வழி இது.

இந்தப் பட்டியலை இன்றைய விதைகளைக் கொண்டு சோதிக்கலாம். ஆயிரம் எள் ஏறக்குறைய மூன்று கிராம். அப்படியானால் 1,15,200 எள் 345 கிராம். அது பிடிக்கும் இடம் 575 மில்லி. ஆயிரம் நெல் 20 முதல் 25 கிராம் என்று கொண்டால் 14,400 நெல் 290 முதல் 360 கிராம் வரை; இடம் அரை லிட்டர் முதல் 650 மில்லி வரை. பாசிப்பயறும் கிட்டத்தட்ட 650 மில்லியில் வந்து நிற்கிறது. அரிசி சற்று மேலேறி எண்ணூறு மில்லியை ஒட்டுகிறது. மிளகு ஒரு லிட்டரை நெருங்குகிறது. ஆறு விதைகளில் மூன்று ஒரே கொள்ளளவைச் சுட்டுவது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. இந்தப் பட்டியலை வகுத்தவரின் நாழி இன்று நூல்கள் சொல்லும் 1.344 லிட்டர் படியில் பாதியளவே இருந்திருக்க வேண்டும், அல்லது அன்றைய நெல்லும் எள்ளும் இன்றையதைவிட இரு மடங்கு பருத்திருக்க வேண்டும். முதலாவதே நம்பத்தக்கது. படி ஊருக்கு ஊர் மட்டுமல்ல, காலத்துக்குக் காலமும் மாறியது என்பதற்கு விதைகளே சாட்சி சொல்கின்றன.

எடைக்கும் விதைதான் மூலம். சோழர் காலக் கணக்கில் இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மேற்கே காரோப் மரத்தின் விதையிலிருந்து 'காரட்' வந்தது. காரோப் விதைகள் எல்லாம் ஒரே எடையில் இருப்பதால்தான் அதைத் தேர்ந்தார்கள் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2006-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது: மற்ற மரங்களின் விதைகளைப் போலவே காரோப் விதையும் எடையில் ஏறி இறங்குகிறது. ஒற்றை விதை நம்பகமான எடைக்கல் அல்ல. ஒரு பிடி விதை நம்பகமானது, ஏனென்றால் பருத்ததும் சிறுத்ததும் சேர்ந்து சராசரியில் சமன்பட்டுவிடும். ஆழாக்கு வேலை செய்வதும் அந்தச் சராசரியால்தான்.

விதைக்கு நடுவே காற்று

ஆழாக்கு நிறைய விதை என்று நாம் சொன்னாலும் அதில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு காற்றுதான். ஒரே அளவிலான உருண்டைகளை எவ்வளவு திறமையாக அடுக்கினாலும் இடத்தில் 74 விழுக்காட்டுக்கு மேல் நிரப்ப முடியாது என்று 1611-இல் கெப்ளர் ஊகித்தார். அதை நிறுவ இருபதாம் நூற்றாண்டின் கடைசிவரை கணிதம் காத்திருந்தது. அடுக்காமல் கொட்டிக் குலுக்கினால் 64 விழுக்காடுதான் நிரம்பும். கடுகும் மிளகும் இந்த வகை. சற்றே தட்டையான உருவங்கள் இன்னும் நெருங்கிப் படுக்கும். நம்மூர் ஜெம்ஸ் போன்ற மிட்டாய்களைக் கொட்டிப் பார்த்து 2004-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 68 விழுக்காட்டையும் தாண்டும் நெருக்கத்தைக் கண்டார்கள். சீரகம், சோம்பு போல நீண்டு, கோடு விழுந்து, வளைந்த விதைகள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து நடுவே பெரிய வெற்றிடங்களை விட்டுவைக்கும்.

அடுத்தது விதையின் உட்புறம். தனியா ஒரே விதை போலத் தோன்றினாலும் இரண்டு பாதிகள் சேர்ந்து நடுவே பொள்ளலாக இருக்கும் காய் அது. பல்லில் வைத்துக் கடித்தால் பொரியைப் போல நொறுங்குவது அதனால்தான். வெந்தயம் உள்ளே இறுகியது, கல் போல. எள்ளில் பாதி எண்ணெய். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. அரிசியும் பருப்பும் மாவுச்சத்து, புரதம் நிரம்பியவை, அதனால் கனம்.

இவற்றை எண்ணாக்கினால் கீழே உள்ள கணக்கு வரும். மசாலா விதைகளுக்கு அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுத் தரவுத்தொகுப்பில் உள்ள கரண்டிக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு, 168 மில்லி ஆழாக்குக்குத் தலைதட்டிய அளவாக மாற்றியிருக்கிறேன். எல்லாம் கிட்டத்தட்டத்தான்.

| விதை | ஓர் ஆழாக்கின் எடை (கிராம்) | பாவ் கிலோவுக்கு ஆழாக்கு |
|---|---|---|
| பச்சரிசி, இட்லி அரிசி | 140 | 1¾ |
| தோல் நீக்கிய முழு உளுந்து | 140 | 1¾ |
| துவரம்பருப்பு, கடலைப்பருப்பு | 135 | 1¾-க்குச் சற்று மேல் |
| வெந்தயம், கடுகு | 125 | 2 |
| எள், கசகசா | 100 | 2½ |
| மிளகு | 97 | 2½-க்குச் சற்று மேல் |
| சீரகம், சோம்பு | 66 | 3¾ |
| தனியா | 57 | 4½-க்குச் சற்றுக் குறைவு |

பட்டியல் மூன்று குழுவாகப் பிரிவதைக் கவனிக்கலாம். அரிசியும் பருப்பும் ஒரு குழு. வெந்தயம், கடுகு, எள், மிளகு நடுவே. தனியா, சீரகம், சோம்பு மூன்றும் கடைசியில், முதல் குழுவின் எடையில் பாதிக்கும் குறைவாக. மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் குழுக்கள் மனதில் இருந்தால் எந்த இடத்தில் மாற்றுக் கணக்கு தேவை, எங்கே தேவையில்லை என்பது தானே விளங்கும்.

இந்த வரிசையின் எல்லைக்கு அப்பால் பொரி இருக்கிறது. ஒரு படிப் பொரி நூறு கிராம்கூட நிற்காது. ஆயுத பூசைக்குப் பொரியை இன்றும் படியால் அளந்து கேட்பதும் கொடுப்பதும் பழமைப் பற்றினால் மட்டுமல்ல. நூறு கிராம் பொரி எவ்வளவு வரும் என்று யாருக்கும் கண்ணுக்குள் நிற்காது. ஒரு படி நிற்கும்.

தலைதட்டியா, கோபுரமா

ஒரே பாத்திரம், ஒரே விதை. அப்போதும் அளப்பவர் கைக்குத் தக்கபடி எடை மாறும். ஓர் ஆழாக்கைத் தட்டில் வைத்து, தனியாவைக் கரண்டியால் மெல்லச் சரியவிட்டு, விளிம்புவரை நிரப்பி, கத்தியின் முதுகால் தலைதட்டி நிறுக்கலாம். பிறகு அதே ஆழாக்கை மேடையில் நான்கைந்து முறை தட்டினால் மேல்மட்டம் அரை நெல் நீளத்துக்கு இறங்கும். இன்னும் கொஞ்சம் போட இடம் கிடைக்கும். நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்குவரை இப்படிக் கூடும். டப்பாவுக்குள் ஆழாக்கை அழுத்தி மொண்டெடுப்பவருக்கும் மேலிருந்து கொட்டுபவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கோபுரமாக அளந்தால் மாற்றம் இன்னும் பெரிது. தானியம் குவியும்போது அதன் சரிவு ஏறக்குறைய முப்பது பாகையில் நிற்கும். வாயின் ஆரமும் பாத்திரத்தின் உயரமும் சமமாக உள்ள அகன்ற படியில், குவியல் மட்டும் படியின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டும். வாயின் விட்டமும் உயரமும் சமமான ஒடுங்கிய படியில் பத்தில் ஒரு பங்குதான். அதாவது, ஒரே கொள்ளளவுள்ள இரண்டு படிகள் தலைதட்டினால் சமம், குவித்தால் சமமல்ல. வாய் அகன்ற படியால் வாங்கி, வாய் ஒடுங்கிய படியால் விற்றால் தானியம் மிஞ்சும். அர்த்தசாஸ்திரம் இதற்கென்றே விதி வைத்தது: குவியல் மொத்த அளவில் கால்பங்காக அமையுமாறு படியைச் செய்ய வேண்டும், அல்லது அந்தக் குவியலும் உள்ளே அடங்குமாறு படியைப் பெரிதாக்க வேண்டும், திரவங்களை விளிம்பு மட்டத்துக்கு அளக்க வேண்டும். 1909-இல் மைசூரில் ஷாமசாஸ்திரி பதிப்பித்த பிறகு உலகத்துக்குக் கிடைத்த இந்த நூலில், வரி வாங்கும் அரசின் கண் படியின் வாய்மேல் இருந்தது தெரிகிறது.

சமையலறையில் இந்தச் சிக்கல் கரண்டியில் வந்து சேர்கிறது. கரண்டி ஆழமில்லாதது, ஆகவே குவியல் அதற்குள் இருப்பதில் பாதியளவு வளர்ந்துவிடும். 'ஒரு ஸ்பூன் வெந்தயம்' தலைதட்டி 3.7 கிராம், கோபுரமாக எடுத்தால் ஐந்தரை கிராமைத் தாண்டும். தனியாவுக்கு இந்தப் பிசகு தெரியாது. வெந்தயத்துக்கு நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும்.

இட்லி தப்பித்தது எப்படி

தாராவியின் இட்லித் தொழில் மும்பை முழுவதும் தெரிந்தது. விடிவதற்கு முன்பே அவித்து, அலுமினியப் பாத்திரங்களில் அடுக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி நகரெங்கும் போகிறவர்களின் தொழில். அரிசி மூட்டையாக வருகிறது. மூட்டையின் மேல் கிலோ அச்சிட்டிருக்கிறது. ஆனால் மூட்டையைப் பிரித்த பிறகு தராசு இல்லாமலே வேலை நடத்த முடியும். காரணத்தை மேலே உள்ள பட்டியலின் முதல் இரண்டு வரிகளில் காணலாம். அரிசியும் உளுந்தும் ஆழாக்குக்கு ஏறக்குறைய ஒரே எடை. நாலுக்கு ஒன்று என்பதைப் படியில் எடுத்தாலும் கிலோவில் எடுத்தாலும் மாவு ஒன்றுதான்.

பாத்திரம் எது என்பதும் இங்கே பொருட்டில்லை. 15 கிலோ எண்ணெய் டின்னை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் இலேசானது என்பதால் அதன் கொள்ளளவு பதினாறரை லிட்டர். அதில் அரிசியை நிரப்பினால் 15 கிலோ வராது, பதின்மூன்றே முக்கால்தான் வரும். உளுந்தும் அவ்வளவே. நாலு டின் அரிசிக்கு ஒரு டின் உளுந்து என்று போட்டால் விகிதம் குலையாது. ஆழாக்கின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியும் இட்லி மாறாததற்கு இதுவே விளக்கம். படி துல்லியமாக இருந்ததில்லை. விகிதம் துல்லியமாக இருந்தது. அடை, பொங்கல், கிச்சடி ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் எல்லாம் முதல் குழுவுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன.

அரைத்தபின் நிலைமை மாறும். 240 மில்லி கப் அரிசி 200 கிராம். அதே கப் அரிசி மாவு 158 கிராம்தான். ஒரு கப் அரிசியைச் சக்கியில் கொடுத்தால் ஒன்றேகால் கப் மாவாகத் திரும்பி வரும். சலித்தால் இன்னும் பூரிக்கும், டப்பாவில் அமுக்கினால் ஒடுங்கும். முறுக்குக் குறிப்பில் 'நாலு கப் மாவு' என்றிருப்பதை 'நாலு கப் அரிசி அரைத்தது' என்று எடுத்துக்கொண்டால் உளுத்த மாவின் பங்கு குறைந்து முறுக்கு கடுக்கென்று ஆகிவிடும்.

சாம்பார்ப் பொடி ஏன் தப்பவில்லை

சாம்பார்ப் பொடி மூன்று குழுவையும் ஒன்றாகக் கலக்கிறது. ஒரு வீட்டுக் குறிப்பு இப்படி இருப்பதாகக் கொள்வோம்: தனியா நாலு ஆழாக்கு, துவரம்பருப்பு ஒன்று, கடலைப்பருப்பு ஒன்று, மிளகு அரை, சீரகம் அரை, வெந்தயம் கால். இதைக் கடையில் வாங்க கிராமாக்க வேண்டும். தனியா 228, பருப்புகள் தலா 135, மிளகு 49, சீரகம் 33, வெந்தயம் 31 கிராம். பருப்பை வைத்து 'ஓர் ஆழாக்கு 140 கிராம்' என்று மனதில் பதித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதையே போட்டால் தனியா 560 கிராம் ஆகிவிடும். வெந்தயமும் பருப்பும் கிட்டத்தட்ட சரியாகவே இருக்கும். தனியாவோ இரண்டரை மடங்கு. லால்பாக் மிளகாய்ச் சந்தில் இடித்து வாங்கி வந்த பிறகு, மிளகாய் நல்ல மிளகாய்தானே, ஏன் காரமே ஏறவில்லை என்று புலம்புவதற்குப் பின்னால் பல வீடுகளில் இந்தக் கணக்கு இருக்கலாம்.

எதிர்த்திசையிலும் தவறலாம். கிராமில் எழுதிய குறிப்பைக் கரண்டியால் அளப்பவர், முப்பது கிராம் சீரகத்துக்குப் பதினாலு ஸ்பூன் என்று சரியாகப் போடுகிறார். அடுத்த வரியில் வெந்தயமும் முப்பது கிராம் என்றிருக்க, அதற்கும் பதினாலு ஸ்பூன் போட்டால் ஐம்பத்திரண்டு கிராம் ஆகிவிடும். பொடி கசக்கும்.

காய்ந்த மிளகாய் இந்த வரிசையிலேயே சேராது. அதை எந்தப் படியாலும் அளக்க முடியாது. நிறுக்கலாம் அல்லது எண்ணலாம். ரசத்துக்கு 'நாலு மிளகாய்' என்றும் பொடிக்கு 'கால் கிலோ மிளகாய்' என்றும் சொல்லும் வழக்கம் அனுபவத்தில் விளைந்தது. தாளிப்புக்குக் கடுகையும் சீரகத்தையும் கண்ணளவாகப் போடுவதும் அப்படியே. ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாத இடத்தில் தராசு வீண் வேலை.

மும்பை மழைக்காலத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஆடி ஆவணியில் விதைகள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது உண்மைதான். ஈரப்பதம் பன்னிரண்டு விழுக்காட்டிலிருந்து பதினைந்துக்கு ஏறினால் எடையும் நூற்றுக்கு மூன்று பங்கு கூடும். தனியாவில் இரண்டரை மடங்கு பிழை செய்துகொண்டிருக்கும் கணக்கில் இந்த மூன்று பங்கைத் தேடிப் போக வேண்டியதில்லை. வறுப்பதற்கு முன் நிறுக்க வேண்டும், வறுத்த பிறகு அல்ல. அந்த ஒழுங்கு இருந்தால் போதும்.

சொந்த ஆழாக்கின் எண்

கப் என்ற பெயரில் இன்று வீட்டில் இருப்பவை பல. அமெரிக்கக் குறிப்பின் கப் 237 மில்லி, அதை 240 என்று முழுமையாக்கிக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியக் கப் 250. மின்சாரச் சோற்றுக் குக்கரோடு வருவது பெரும்பாலும் 180 மில்லி. ஜப்பானியரின் பழைய 'கோ' என்ற அளவு அது. டம்ளருக்கு எந்த வரையறையும் இல்லை. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி, மற்றவர்களுடையது 15.

இந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வர விலை குறைந்த சமையலறைத் தராசு ஒன்றும் ஒரு மதிய நேரமும் போதும். வீட்டில் வழக்கமாகப் புழங்கும் ஆழாக்கையோ டம்ளரையோ தராசில் வைத்து எண்ணைச் சுழியாக்கிவிட்டு விளிம்புவரை தண்ணீர் ஊற்ற வேண்டும். காட்டும் கிராம்தான் அதன் மில்லி. பாத்திரத்துக்கான எண் கிடைத்துவிட்டது. பிறகு துடைத்து உலர்த்தி, தனியா, சீரகம், மிளகு, வெந்தயம், துவரம்பருப்பு என்று ஒவ்வொன்றாகத் தலைதட்டி நிறுத்து எழுதிவைத்தால் விதைக்கான எண்களும் கிடைக்கும். அரிசியை ஒரு முறை நிறுத்தாலே பருப்பு வகைகளுக்கும் சேர்த்து விடை வந்துவிடும். பாட்டி கொண்டுவந்த பித்தளை ஆழாக்கு வீட்டில் இருந்தால், அவர் குறிப்புகளை மாற்றுவதற்கு அதையே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும், 168 என்ற அச்சு எண்ணை அல்ல. அவர் சமைத்தது அந்தப் பாத்திரத்தில்தான்.

எண்கள் தீர்க்காத ஒன்றும் உண்டு. புது உளுந்து நன்றாகக் காணும், பழைய உளுந்து காணாது என்று சொல்வார்கள். இரண்டும் ஆழாக்குக்கு ஒரே எடைதான். வித்தியாசம் அது எவ்வளவு தண்ணீரை வாங்கிக்கொண்டு எவ்வளவு பொங்குகிறது என்பதில் இருக்கிறது. தராசும் படியும் கிரைண்டருக்கு வெளியே நின்றுவிடும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பார்க்கும் கைதான் உள்ளே போகும்.

ஆகவே குறிப்பு எழுதுபவர்கள் எல்லாவற்றையும் கிராமாக்க வேண்டும் என்று சொல்வது சரியான தீர்வு அல்ல. எல்லாவற்றையும் கப்பில் விட்டுவிடுவதும் அல்ல. அரிசியையும் பருப்பையும் விகிதமாக எழுதலாம், எந்தப் பாத்திரத்துக்கும் அது பொருந்தும். பொடிகளுக்கான மசாலா விதைகளைக் கிராமில் எழுத வேண்டும். கப் என்று எழுதினால் அது எத்தனை மில்லி, தலைதட்டியா குவித்தா என்பதைக் குறிப்பின் தலைப்பிலேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். இந்த மூன்றும் அச்சில் இருந்தால் தாராவியில் எழுதிய குறிப்பை டொராண்டோவிலும் அப்படியே சமைக்கலாம். இவை இல்லாமல் 'ஒரு கப் தனியா' என்று எழுதுவது, வாசகர் எந்தப் பாத்திரத்தை எடுப்பார் என்று தெரியாமலே உப்பு, காரத்துக்குப் பொறுப்பேற்பதற்குச் சமம்.